பங்கும் கிளை ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தாய்க்கோயில், சுற்றிலும் ஐந்தோ பத்தோ கிளை ஊர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பங்குத்தந்தை. நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர், சிவகங்கை, குமரி மாவட்டங்களின் கிராமப்புறக் கத்தோலிக்கப் பங்குகள் பலவும் இப்படித்தான். இங்கே வரும் மனத்தாங்கல்களைக் கிளறிப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் போய்ச் சேராத ஒரு சேதி கிடக்கும். அதனால் எதை, யாரிடம், எப்போது சொல்ல வேண்டும் என்பதையே அதிகம் எழுதியிருக்கிறோம். ஊர் வழக்கம் ஊருக்கு ஊர் மாறும். திருச்சபைச் சட்டமும் அரசுச் சட்டமும் அப்படி மாறாது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களின் விதிகள் தனி. அவை இங்கே வரவில்லை.

எங்கள் ஊரில் ஏன் வாராவாரம் ஞாயிறு பூசை இல்லை?

ஒரு குருவானவர் சாதாரண நாளில் ஒரு திருப்பலிதான் நிறைவேற்ற வேண்டும். குருக்கள் பற்றாக்குறை இருந்தால் ஆயரின் அனுமதியோடு வாரநாளில் இரண்டு, ஞாயிறு மற்றும் கடன் திருநாள்களில் (பூசை காண்பது கடமையான நாள்கள்) மூன்று வரை போகலாம். அதற்கு மேல் திருச்சபைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. எட்டுக் கிளைகள் உள்ள பங்கில் ஞாயிறு காலை தாய்க்கோயிலுக்கு ஒன்று போனால், மீதி இரண்டைத்தான் எட்டு ஊர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடனைத் தீர்க்கும் என்பதால், பல பங்குகளில் சுழற்சி முறையில் ஒரு கிளைக்கு அதைக் கொடுக்கிறார்கள்.

பூசை இல்லாத ஞாயிறுகளில் உபதேசியாரோ (குருவுக்கு உதவியாகக் கிளையில் செபம் நடத்துபவர்) அருட்சகோதரியோ இறைவார்த்தை வழிபாடு நடத்தலாம். கோயிலைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

பூசை நேரம் மாறியது எங்களுக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது?

உங்கள் ஊர் உபதேசியாரையோ, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையையோதான். மாத அட்டவணையை முந்தைய மாதத்தின் கடைசி ஞாயிறன்றே எல்லாக் கிளைகளிலும் ஒட்டிவிடுவது நல்ல வழக்கம். ஒட்டும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோயிலுக்குள் ஒட்டினால் கோயில் திறக்கும்போதுதான் தெரியும். ரேஷன் கடைச் சுவர், பேருந்து நிறுத்தம், டீக்கடை மூன்றிலும் ஒட்டினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

கோயிலில் அறிவிப்புச் சொல்ல என்ன செய்ய வேண்டும்?

சனி மாலைக்குள் எழுதிக் கொடுங்கள். நற்கருணைக்குப் பிந்தைய மன்றாட்டு முடிந்து இறுதி ஆசீருக்கு முன்தான் அறிவிப்பு. பூசை தொடங்கும் நேரத்தில் சாக்ரிஸ்தியில் (குருவானவர் உடை மாற்றும் அறை) போய் வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும், மீதி தவறாக வாசிக்கப்படும். என்ன, எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணி, யாரைப் பார்க்க வேண்டும் என்ற ஐந்தும் இருக்கட்டும். நான்கு வரிக்கு மேல் போனால் யாரும் கேட்பதில்லை.

ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

வீட்டில் இயல்பாக நேர்ந்த மரணம் என்றால், பங்குத்தந்தையிடம் பேசி அடக்க நேரத்தை உறுதிசெய்த பிறகே மணி அடிக்கவும் செய்தி அனுப்பவும் வேண்டும். நேரத்தைத் தாங்களே முடிவு செய்து சுவரொட்டி அடித்துவிட்டுப் பிறகு சாமியாரைத் தேடுவது அடிக்கடி நடக்கிறது. அவர் அந்நேரம் இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிளையில் இருப்பார்.

விபத்து, தற்கொலை, பாம்புக்கடி, சந்தேக மரணம் எதுவானாலும் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லாமல் அடக்கம் செய்யக்கூடாது. உடற்கூறாய்வு முடிந்து உடல் எப்போது கிடைக்கும் என்று தெரியும்வரை நேரம் அறிவிக்காதீர்கள்.

புனித வியாழன், பெரிய வெள்ளி, பெரிய சனி, கடன் திருநாளாக உள்ள பெருவிழாக்கள், திருவருகைக் கால, தவக்கால, பாஸ்கா கால ஞாயிறுகள் ஆகிய நாள்களில் அடக்கத் திருப்பலி இல்லை. அடக்கச் சடங்கும் செபங்களும் உண்டு. திருப்பலியை வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம். இதைத் தெரியாமல் "எங்களுக்கு மட்டும் பூசை மறுத்துவிட்டார்" என்று பேச்சுக் கிளம்புகிறது.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் தகவல் கொடுக்கும் பொறுப்பு மருத்துவமனைக்கு. கோயில் அடக்கப் பதிவேட்டின் நகல் வாரிசுச் சான்றுக்கும் காப்பீட்டுக்கும் இறப்புச் சான்றிதழின் இடத்தைப் பிடிக்காது.

வரி பாக்கி இருந்தால் அடக்கத்தையோ திருமணத்தையோ ஊர் நிறுத்த முடியுமா?

முடியாது. தகுந்த முறையில் கேட்பவருக்கு அருளடையாளங்களை மறுக்கக்கூடாது, ஏழை என்பதற்காக யாரும் அவற்றை இழக்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் நேராகவே சொல்கிறது. தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரி, ஊர் வழக்கம். அது கோயில் பராமரிப்புக்கும் திருவிழாவுக்கும் ஊரார் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. பாக்கியை வசூலிக்க வேறு வழி தேடலாம். பிணத்தை நடுவீட்டில் வைத்துக் கணக்குப் பார்ப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

வெளியூரில் இருக்கும் குடும்பங்கள் வரியைக் கொடுத்தவுடன் ரசீது வாங்கி, எந்த ஆண்டுக்கானது என்று அதில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த நிர்வாகிகள் வந்ததும் பழைய நோட்டு காணாமல் போவது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

திருமண ஓலை எப்போது கொடுக்க வேண்டும்?

ஓலை என்பது இன்னார் மணமுடிக்கப் போகிறார்கள் என்று கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு. தேதி குறிப்பதற்கு முன்பே பங்குத்தந்தையைப் பாருங்கள். மண்டபம் பிடித்த பிறகு வருவது தாமதம். மூன்று மாத இடைவெளி இருந்தால் நெருக்கடி இல்லை. கையில் இருக்க வேண்டியவை: ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் விவரம், மறைமாவட்டம் நடத்தும் மணத்தயாரிப்பு வகுப்பின் சான்று, வயதுச் சான்று. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைவு என்பதில் யாராலும் விலக்குத் தர முடியாது.

பழைய திருமுழுக்குச் சான்று வீட்டில் இருந்தாலும் புதியது கேட்பார்கள், அதற்குக் காரணம் உண்டு. ஒருவர் எங்கே மணமுடித்தாலும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டு ஓரத்தில் குறிக்கப்படும். புதிதாக எடுத்த சான்றில் அந்தக் குறிப்பு இருக்கும். முன்பே மணமானவரா என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.

ஓலை வழக்கமாக மூன்று ஞாயிறு, மணமகன் பங்கிலும் மணமகள் பங்கிலும் வாசிக்கப்படும். கிளை ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். மாதம் ஒரு பூசை உள்ள கிளையில் மூன்று ஓலை என்றால் மூன்று மாதம் ஆகிவிடும். அதனால் தாய்க்கோயிலில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், கிளையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஓலை வாசித்தாயிற்று என்ற கடிதம் அந்தப் பங்கிலிருந்து இந்தப் பங்குக்கு வந்து சேர வேண்டும். மணநாளுக்கு முந்தின இரவு அந்தக் கடிதத்துக்காகப் பைக்கில் ஓடுகிற வீடுகளை ஒவ்வொரு முகூர்த்த மாதமும் பார்க்கலாம்.

மணமகனோ மணமகளோ கிறிஸ்தவர் அல்லாதவர் என்றால் ஆயரின் விலக்கு வேண்டும். வேறு திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர் என்றால் ஆயரின் அனுமதி. இரண்டுமே மறைமாவட்ட அலுவலகம் போய் வர வேண்டிய தாள்கள்.

மணம் முடிந்து 90 நாளுக்குள் பதிவும் செய்துவிடுங்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தினருக்கும் பொது. தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு. விசாவுக்கு ஓடும்போதுதான் பலருக்கு இது நினைவு வருகிறது.

ஞானப்பெற்றோராக யார் நிற்கலாம்?

உறுதிபூசுதல் பெற்ற, 16 வயது நிறைந்த கத்தோலிக்கர். குழந்தையின் அப்பா, அம்மா நிற்க முடியாது. ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். இரண்டு தாய்மாமன்களையும் நிறுத்த வேண்டும் என்று கேட்டால் ஒருவர் பெயர்தான் பதிவேட்டில் ஏறும். சி.எஸ்.ஐ. உறவினரை ஒரு கத்தோலிக்க ஞானத்தாயுடனோ ஞானத்தந்தையுடனோ சேர்த்துச் சாட்சியாக நிறுத்தலாம்.

பெயர் புனிதர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இல்லாவிட்டால் போதும். தமிழ்ப் பெயர்கள் தாராளமாக வைக்கலாம்.

ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள்: பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் முன்னெழுத்தும் திருமுழுக்குப் பதிவேட்டில் அப்படியே வரட்டும். "வீட்டுப் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று" என்றிருந்தால் இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திருமணத்தின்போது உறுதிமொழிப் பத்திரம் எழுதி அலைய வேண்டிவரும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்டவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். கோயில் சான்று அதற்கு உதவாது.

தாத்தாவின் திருமுழுக்குப் பதிவு எங்கள் பங்கில் இல்லை என்கிறார்கள். எங்கே தேடுவது?

உங்கள் ஊர் எந்த ஆண்டு தனிப் பங்கானது என்று முதலில் கேளுங்கள். ஒரு கிளை தனிப் பங்காகப் பிரியும்போது பழைய பதிவேடுகள் தாய்ப்பங்கிலேயே தங்கிவிடும். உங்கள் கோயில் 1970ல் பங்கானது என்றால் 1935ஆம் ஆண்டுப் பதிவு அப்போதைய தாய்ப்பங்கில் இருக்கும். அந்தத் தாய்ப்பங்கே அதற்கு முன் வேறொன்றின் கிளையாக இருந்திருக்கலாம். மறைமாவட்டமும் மாறியிருக்கும்: தூத்துக்குடி 1923லும், கோட்டாறு 1930லும், பாளையங்கோட்டை 1973லும், சிவகங்கை 1987லும், குழித்துறை 2014லும் உருவானவை.

தேடும்போது பெயரை ஒரே வடிவில் தேடாதீர்கள். வீட்டில் சூசை என்றவர் பதிவில் ஜோசப்பாகவோ அதன் லத்தீன் வடிவிலோ இருப்பார். ராயப்பன் பேதுருவாக, சின்னப்பன் பவுலாக, அருளப்பன் ஜானாக இருக்கலாம். தோராய ஆண்டு, அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். ஞாயிறு காலை போகாதீர்கள்.

பிழை இருந்தால் அடித்துத் திருத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆதாரத்தோடு மனு கொடுத்தால், மறைமாவட்ட அலுவலகத்தின் அனுமதியோடு ஓரக் குறிப்பாக எழுதுவார்கள்.

ஒருவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி (பூசைக் கருத்து) பணம் கொடுத்தேன், பெயர் வாசிக்கவில்லை. பூசை வைத்தார்களா?

வாசிப்பது வேறு, ஒப்புக்கொடுப்பது வேறு. பெயரை உரக்கச் சொல்லாவிட்டாலும் குருவானவர் அந்தக் கருத்துக்காக ஒப்புக்கொடுத்தால் அது நிறைவேறியது. கருத்து நோட்டில் தேதி எழுதச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயம் தீர்ந்துவிடும்.

திருவிழாவுக்கு எப்போது வேலையைத் தொடங்க வேண்டும்?

பத்து நாள் திருவிழாவில் நாள் கணக்கு எளிது. தேதி நிலையான விழா என்றால் பின்னோக்கி எண்ணுங்கள். விண்ணேற்பு அன்னைக்கு ஆகஸ்ட் 15 பத்தாம் நாள், கொடியேற்றம் ஆகஸ்ட் 6. அந்தோனியாருக்கு ஜூன் 13, கொடி ஜூன் 4. தேதியை நகர்த்தலாம் என்றால் வெள்ளிக்கிழமை கொடியேற்றினால் பத்தாம் நாள் ஞாயிறாக அமையும்.

மண்டகப்படிக்காரர்கள் (ஒரு நாள் விழாச் செலவை ஏற்கும் குடும்பங்கள்), மறையுரைக் குருக்கள், பத்திரிகை, வரி என எல்லாம் முதல் ஊர்க்கூட்டத்தில் தொடங்கும். அதைக் கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்னால் வையுங்கள். அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் மண்டகப்படிக் குடும்பங்கள் எல்லோரிடமும் பெயரைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு முன்னெழுத்து மாறியதற்காக ஓராண்டு பேசாமல் இருக்கும் வீடுகள் உண்டு.

காவல் நிலையத்துக்கு ஒலிபெருக்கி, பவனிப் பாதை, வாணவேடிக்கை மூன்றுக்கும் மனு வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், ஆனால் அந்த நாள்களை அரசு அறிவிக்கும். ஊர்க்கூட்டம் அறிவிக்க முடியாது. கூம்பு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

சப்பரப் பவனியில் மின்கம்பி ஆபத்தை எப்படித் தவிர்ப்பது?

இதைச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. 2022 ஏப்ரல் 27ல் தஞ்சை களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 1ல் குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் கோயில் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் போனார்கள். இரண்டாவது நிகழ்ச்சியில் பவனியே நடக்கவில்லை. ஏணியை நகர்த்தியதுதான் வினை.

விதிப்படி சாலையைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர், 11 கிலோவோல்ட் கம்பி 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கிராமத்தில் அதை நம்பிக் கட்டாதீர்கள். கம்பி தொய்ந்திருக்கும், சாலை மேல் சாலை போட்டுத் தரை உயர்ந்திருக்கும். போன ஆண்டு போன சப்பரம் இந்த ஆண்டும் போகும் என்பது கணக்கல்ல. டிராக்டரின் தளம், சப்பரம், சுரூபம் (புனிதர் சிலை), மேலே செருகும் குடையும் விளக்கும் எல்லாம் சேர்த்து மொத்த உயரம் அளந்து, 4.5 மீட்டருக்குள் நிறுத்துங்கள்.

ஒரு வாரம் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பாதையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, சப்பரம் கடக்கும்போது மின்சாரத்தை நிறுத்தக் கேளுங்கள். நிறுத்தியாயிற்று என்று லைன்மேன் வாயால் உறுதிசெய்யும்வரை சப்பரம் நகரக்கூடாது. மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிடும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள், ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும். உயரமான இரும்பு ஏணியைப் படுக்க வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும், நிறுத்தியபடி உருட்டக்கூடாது. அலங்கார விளக்குக்குத் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். கொக்கி போடுவது 2003 மின்சாரச் சட்டப்படி திருட்டு.

சப்பரம் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. கேட்கலாமா?

கேட்க வேண்டும். "வழக்கமான பாதை" என்ற சொல்லுக்குப் பின்னால் பல ஊர்களில் சாதிதான் நிற்கிறது. வடக்கன்குளம் கோயிலுக்குள்ளேயே சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910ல்தான் இடிக்கப்பட்டது. தனிக் கல்லறையும் தனிப் பாதையும் இன்றும் இருக்கின்றன.

முதல் ஊர்க்கூட்டத்துக்கு முன்பே, தெரு வரைபடத்துடன் பங்குத்தந்தைக்கு எழுத்து மனு கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். அடுத்து மறைவட்ட அதிபர் (பல பங்குகளுக்குப் பொறுப்பான குரு), பிறகு ஆயர். கொடியேறிய பிறகு கேட்டால் "திருவிழாவைக் கெடுக்க வந்தவர்கள்" என்ற பட்டம் கிடைக்கும், காவல்துறையும் இருக்கும் பாதைக்கே அனுமதி தரும். பதற்றம் இருந்தால் வட்டாட்சியரிடம் அமைதிப் பேச்சுவார்த்தை கேட்கலாம். கிறிஸ்தவத் தலித்துகள் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியில் சேராததால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இங்கே பொதுவாகக் கைகொடுப்பதில்லை. அதனால் திருச்சபைக்குள் எழுத்தில் கேட்பதற்கு இன்னும் மதிப்பு உண்டு.

ஆயிரம் பேருக்கு அசனம் (திருவிழா விருந்து). எவ்வளவு சாமான்?

அரிசி ஒருவருக்கு 125 முதல் 150 கிராம், ஆக 125 முதல் 150 கிலோ. சாம்பார் என்றால் துவரம் பருப்பு 25 முதல் 30 கிலோ. கறி என்றால் ஒருவருக்கு 100 கிராம் வைத்து 100 கிலோ. குடிக்கவும் கை கழுவவும் தனித்தனித் தண்ணீர். குடிக்க மட்டும் ஆயிரம் லிட்டர்.

கெடுவது பெரும்பாலும் சோறுதான். வடித்த சூட்டோடு மலைபோல் குவித்து மூடினால் நடுவில் புளித்துவிடும். சுத்தமான வேட்டியில் பரப்பி ஆவி போக விடுங்கள். எல்லாவற்றையும் விடியற்காலையிலேயே வடித்து வைக்காமல், பந்திக்குத் தக்கபடி தவணை தவணையாக வடியுங்கள். கறியை முந்தின மாலை வாங்கி ஐஸ் இல்லாமல் வைக்கக்கூடாது. பூசை முடிவதும் முதல் பந்தியும் ஒரே நேரத்தில் வந்தால் நெரிசல். குருவானவர் உணவை மந்திரித்த பிறகு முதியவர்களையும் பிள்ளைகளையும் முதலில் உட்காரவையுங்கள். பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

பங்குப்பேரவை தீர்மானம் போட்டால் பங்குத்தந்தை கட்டுப்பட வேண்டுமா?

இல்லை, பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்பு. நிதிக்குழு அப்படி விருப்பப்பட்டு வைப்பதல்ல, ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டுவதும் சட்டத்தில் இருக்கிறது. இன்ன காரியத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அதற்குத்தான் செலவிட வேண்டும்: மணிக்கூண்டுக்கு வந்த பணம் தரை ஓடு பதிக்கப் போகக்கூடாது. ஊர்ப் பணமும் பங்குப் பணமும் ஒரே நோட்டில் இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள்.

பங்கு மடலில் எங்கள் ஊர்ச் செய்தி வருவதில்லை. எப்படி அனுப்புவது?

ஏ3 தாளை மடித்தால் நான்கு பக்கம், இன்னொரு தாள் சேர்த்தால் எட்டு. ஐந்தாம் பக்கம் என்று ஒன்றைச் சேர்க்க முடியாது. உங்கள் செய்தி விடுபடுவதற்குப் பாதி நேரம் இந்தக் கணக்குத்தான் காரணம். மாதக் கடைசியில் வரும் மடலுக்கு 20ஆம் தேதிக்குள் அனுப்பினால் இடம் இருக்கும்.

ஒவ்வொரு கிளையிலும் செய்தி சேர்க்க ஒருவர் இருப்பது நல்லது. அன்பியங்களின் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக் குழுக்கள்) பொறுப்பாளர்களில் ஒருவர் போதும். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள், காதில் விழுந்ததை எழுதாதீர்கள். படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கும், ஆவணமாக அனுப்புங்கள். அச்சகம் பாமினி எழுத்துருவில் வேலை செய்தால் போனில் தட்டிய யூனிகோட் தமிழ் அங்கே குப்பையாகத் தெரியும், மாற்றி எடுக்க வேண்டும். மாற்றிய பின் ஸ்ரீ, ஃ இரண்டையும் தனியாகச் சரிபார்க்கவும். "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று போட்டுவிட்டால் எதையும் எழுதலாம் என்று நினைக்காதீர்கள், அவதூறுக்கு அது கவசம் ஆகாது.

வாட்ஸ்அப் குழுவில் தேவையற்றவை குவிகின்றன. என்ன செய்யலாம்?

அறிவிப்புக்கு ஒரு குழு, பேச்சுக்கு இன்னொன்று. முதலாவதில் அட்மின்கள் மட்டும் அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு அட்மின். "நாளை மாலை" என்று எழுதாமல் தேதியும் கிழமையும் எழுதுங்கள். மறுநாள் வேறொருவர் அதை அனுப்பும்போது "நாளை" என்பது தவறான நாளைக் காட்டும். நேரம் மாறினால் பழைய செய்தியை நீக்கிவிட்டுப் புதிதாக முழுச் செய்தியையும் போடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

கிராம சபை, மருத்துவ முகாம் போன்ற செய்திகளைக் கோயிலில் அறிவிக்கலாமா?

அறிவிக்கலாம், தேர்தல் பிரச்சாரம் மட்டும் கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை தமிழ்நாட்டில் கிராம சபை நாள்கள். இவற்றில் ஆகஸ்ட் 15 விண்ணேற்புப் பெருவிழா, நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. இரண்டிலும் காலைப் பூசையும் சபையும் மோதும். ஊராட்சிச் செயலரிடம் நேரத்தை முன்கூட்டிக் கேட்டு, அன்று பூசையை ஆறு மணிக்கு நகர்த்த முடியுமா என்று பாருங்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை, தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் கேட்க வேண்டிய இடம் அந்தச் சபைதான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முள்வெட்ட வேண்டும் என்றால் நவம்பர் 1 சபையில் கேட்டால் நேரம் போதாது, அக்டோபர் 2லேயே மனு கொடுத்துவிடுங்கள்.